குளிர் இருக்கிறது, காற்று எங்கே?

சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் அக்னி நட்சத்திர வெயில் தொடங்கும் மே மாதத்து முதல் வாரத்தில் ஏ.சி. பழுது பார்ப்பவர்களை நாடி வரும் புகார்கள், எந்தப் பேட்டையிலிருந்து வந்தாலும், எந்த வகை யந்திரத்தைப் பற்றியவையாக இருந்தாலும், பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன: "கூலிங் சரியா வரலை." அதற்குக் கிடைக்கும் பதிலும் அநேகமாக ஒரே வாக்கியந்தான்: "கேஸ் இறங்கியிருக்கும், ஏத்திட்டாச் சரியாயிடும்." இந்தப் புகாருக்கும் இந்தப் பதிலுக்கும் நடுவே செய்தே தீரவேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. அதற்கு அதிக நேரம் பிடிக்காது. பெரிய கருவிகளும் வேண்டியதில்லை. அது செய்யப்படாமற் போவதனால், மாதத் தவணையில் பணம் கட்டி ஏ.சி. வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் வருஷந்தோறும் அவசியமில்லாத ஒரு செலவைச் சுமக்கின்றன என்பதும், அந்தச் செலவுக்குப் பிறகும் அவர்களுடைய அறை குளிர்வதில்லை என்பதும் என்னை மிகவும் வருத்தும் விஷயங்கள்.

அந்த ஒரே புகாருக்குள் வெவ்வேறான இரண்டு குறைகள் ஒளிந்திருக்கின்றன. காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிர்ந்து வரவில்லை என்பது ஒன்று. வருகிற காற்று கையில் பட்டால் சில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் கட்டில் வரையில் வந்து சேரவில்லை என்பது மற்றொன்று. முதற் குறைக்குக் காரணம் கம்ப்ரெஸரிலோ, குளிர்விக்கும் வாயுவிலோ, வெளியே வெயிலில் நிற்கும் அவுட்டோர் பெட்டியிலோ இருக்கக்கூடும். இரண்டாவது குறையின் காரணமோ பெரும்பாலும் அறைக்குள்ளேயே, சுவரில் மாட்டிய இன்டோர் பெட்டிக்குள்ளேயே, ஒரு ஸ்டூலின்மேல் ஏறி நின்றால் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் முடிவில் விளைவு ஒன்றாகவே இருப்பதால், புழுக்கத்தில் தவிக்கும் மனிதர் இவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்க வேண்டிய தொழிலாளரும், கோடையின் நெருக்கடியில் பல வீடுகளுக்கு ஓடவேண்டியிருப்பதால், பல சமயங்களில் பார்ப்பதில்லை.

பிரித்து அறிவதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. யந்திரத்தைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அது மேற்புறத்தில் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும், கீழ்வாயில் வெளிவிடும் காற்றின் வெப்பநிலையையும் ஒரு சாதாரண தெர்மாமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அறையின் வெப்பத்தைக் காட்டும் வகை வேண்டும். நல்ல நிலையிலுள்ள யந்திரத்தில் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கும். கடற்காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அது குறைந்த எண்ணை ஒட்டியே நிற்கும். யந்திரத்தின் சக்தியில் ஒரு பெரும் பகுதி காற்றிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி வெளியேற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது என்பது அதற்குக் காரணம். வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்து, காற்றின் வேகம் மட்டும் மெலிந்திருந்தால், காற்றுப் பாதையில் எங்கோ அடைப்பு இருக்கிறதென்று நிச்சயமாக நம்பலாம். காற்று பலமாக வந்தும் வித்தியாசம் 4, 5 டிகிரிக்குள் நின்றுவிட்டால், அப்போதுதான் வாயுவின்மேலும் கம்ப்ரெஸரின்மேலும் சந்தேகம் கொள்வது நியாயம்.

ஏ.சி. குளிரை உண்டாக்குகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லுகிறோம். உண்மையில் அது அறையிலுள்ள உஷ்ணத்தை வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டும் சாதனம். அந்த உஷ்ணம் குளிர்ந்த குழாய்களை வந்து அடைவது காற்றின்மூலமாகத்தான். இந்தச் சாஸ்திரத்தின் தொடக்கத்திலேயே காற்றின் சலனத்துக்கு முக்கிய ஸ்தானம் அளிக்கப்பட்டிருந்தது. 1902-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஸாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்தில், கோடைகாலத்து ஈரத்தினால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் போனதனால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியவேண்டிய வர்ணங்கள் இடம் பிசகின. அதற்குப் பரிகாரம் காணும் பொறுப்பு, பட்டம் பெற்று ஒரு வருஷமே ஆகியிருந்த வில்லிஸ் காரியர் என்ற 25 வயது இளைஞரிடம் வந்தது. குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின்மேல் விசிறியால் காற்றைச் செலுத்தி, எவ்வளவு வேகத்தில் எவ்வளவு காற்று சென்றால் எவ்வளவு ஈரம் நீங்கும் என்று அவர் கணக்கிட்டதிலிருந்துதான் இந்தத் தொழில் பிறந்தது. மனிதரின் சுகத்துக்காக அல்ல, காகிதத்தின் சுகத்துக்காகப் பிறந்த யந்திரம் இது. வறண்ட சீதோஷ்ணம் இயற்கையாகவே வாய்த்த சிவகாசியில் அச்சுத் தொழில் தழைத்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு, காகிதத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள பகையை விளக்க வேண்டியதில்லை.

காற்றின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதை உணர, யந்திரத்தின் சக்தியை நாம் அளக்கும் டன் கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். 2,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு உஷ்ணத்தைக் கிரகிக்குமோ, அவ்வளவு உஷ்ணத்தை அகற்றும் சக்திதான் ஒரு டன். மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் மூன்றரை கிலோவாட். இயந்திரக் குளிர் வருவதற்கு முன்பு பனிக்கட்டியே குளிருக்கு ஆதாரமாக இருந்த காலத்தின் அளவுகோல் இது. அந்தக் காலத்தின் சாட்சி சென்னைக் கடற்கரையிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் நீர்நிலைகளில் வெட்டிய பனிப்பாளங்களைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்துவைக்க ஃபிரெடெரிக் டியூடரின் கம்பெனி 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான், 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய காரணத்தால் இன்று விவேகானந்தர் இல்லமாகத் திகழும் கட்டடம்.

ஒரு டன் சக்தியுள்ள யந்திரம் அந்த உஷ்ணத்தை ஒழுங்காக அகற்றவேண்டுமானால், நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று அதன் குளிர்ச்சுருளைக் கடந்து செல்லவேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றிவரும் பொதுவான கணக்கு. சுவரில் மாட்டும் வகைகளில் இது கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் பத்தடி உயரமும் கொண்ட படுக்கையறையின் கொள்ளளவு 1,200 கன அடி. ஆகவே, அறையிலுள்ள காற்று முழுவதும் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அந்தச் சிறிய பெட்டிக்குள் நுழைந்து வெளிவரவேண்டும். இவ்வளவு பெரிய போக்குவரத்து நடக்கும் பாதையில் ஒரு மெல்லிய தூசிப் படலம் படிந்தாலும் அதன் பலன் அறை முழுவதும் தெரியாமற் போகாது.

காற்றின் பாதை

இன்டோர் பெட்டியில் காற்று மேற்புறத்தால் நுழைகிறது. வலை போன்ற ஃபில்டரைக் கடக்கிறது. அலுமினியத் தகடுகள் நெருங்கி அடுக்கிய குளிர்ச்சுருளின் வழியாகச் செல்கிறது. புளோவர் என்று தொழிலாளர்கள் சொல்லும் நீண்ட உருளை விசிறிக்குள் புகுந்து, கீழேயுள்ள வாயினால் வெளியே தள்ளப்படுகிறது. இந்த உருளை விசிறியின் அமைப்பு பழமையானது. பால் மோர்ட்டியே என்ற பிரெஞ்சுக்காரர் 1893-இலேயே இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றிருக்கிறார். சத்தமில்லாமல், அகலமான வாய் முழுவதும் ஒரே சீராகக் காற்றை வீசுவது இதன் பெரிய குணம். ஆனால் எதிர்ப்பைத் தாங்கி இழுக்கும் வலிமை இதற்கு மிகவும் குறைவு. வேறு வகை விசிறிகள் பொருட்படுத்தாத சிறு தடையும் இதன் காற்றைப் பாதியாகக் குறைத்துவிடக்கூடும். வீட்டு ஏ.சி.க்களில் காற்றுக் குறைவு இவ்வளவு சாதாரணமாக நேர்வதற்கு மூலகாரணம் இந்த ஒரு குணத்தில் இருக்கிறது.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ரிமோட்டை ஒரு முறை பார்த்துவிடுவது உத்தமம். நீர்த்துளியின் அடையாளமிட்ட டிரை முறையில் பெரும்பாலான யந்திரங்கள் விசிறியைத் தாமே தாழ்ந்த வேகத்தில் கட்டிவைத்துவிடுகின்றன. எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் வேகம் கூடாது. இரவு நேரத்துக்கான ஸ்லீப் முறையிலும் வேகம் குறைவதுண்டு. கூல் முறைக்கு மாற்றி, விசிறியை உச்ச வேகத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற ஆராய்ச்சிகளில் இறங்க வேண்டும். வெப்பநிலையை 16 டிகிரிக்கு இறக்கினால் காற்றும் வேகமாக வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த எண்ணுக்கும், நாமே குறித்து வைத்த விசிறி வேகத்துக்கும் சம்பந்தமில்லை. நட்சத்திரக் குறியிட்ட ஏ.சி.க்கள் யாவும் 24 டிகிரியிலேயே தொடங்கவேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் இந்திய அரசாங்கம் விதித்திருப்பது மின்சாரத்தைக் கருதித்தான் என்றாலும், காற்றுக் குறைந்த யந்திரத்துக்கும் அது ஒரு பாதுகாப்பாக அமைகிறது. அது எவ்வாறு என்பது பின்னால் விளங்கும்.

ஃபில்டரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றி, பின்புறத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துபோகும். ஈரத்தோடு மாட்டினால் தூசி இன்னும் பலமாக ஒட்டிக்கொள்ளும். காற்றைச் சுத்தம் செய்யும் என்ற ஆசையில் கடைகளில் விற்கும் அடர்த்தியான வடிகட்டித் தாள்களை வாங்கி அதன்மேல் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்ற அவர்களுடைய கவலை மெச்சத்தக்கது. ஆனால் வலிமை குறைந்த அந்த உருளை விசிறியால் அந்தத் தாளைத் தாண்டிக் காற்றை இழுக்க முடியாது. காற்றைச் சுத்தம் செய்வதற்குத் தனிச் சாதனம் வைத்துக்கொள்வதே சரி.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பார்க்கும்போது காற்று சட்டென்று பலப்பட்டால், பழுது அதனோடு முடிந்தது. பலப்படவில்லை என்றால் அடைப்பு உள்ளே இருக்கிறது.

உள்ளே இருக்கும் அடைப்பு

குளிர்ச்சுருளின் அலுமினியத் தகடுகளுக்கு இடையேயுள்ள சந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருந்தால் அதிகம். முன்பக்கத்தில் தெரியும் பகுதி சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. சுருள் நேரான பலகையாக இல்லாமல், விசிறியைச் சூழ்ந்து கூரைபோல் மடிந்திருக்கிறது. சுவரை ஒட்டிய பின்மடிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சாதாரண சர்வீஸில் பாய்ச்சும் தண்ணீரும் அங்கே நன்றாகச் சென்று சேர்வதில்லை. நான் பார்த்த வீடுகளில், முன்புறம் பளபளவென்று இருக்க, பின்மடிப்பில் கம்பளி விரித்தாற்போலத் தூசி படிந்திருந்தவை பல. தண்ணீரை அளவுக்கு மீறிய விசையோடு அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போய், தூசி அடைத்த சந்தைத் தகடே அடைத்துவிடும். அமிலம் கலந்த திரவங்களைத் தெளிப்பது அதைவிடக் கெடுதல். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றினால் ஏற்கெனவே அரித்துப்போன உலோகம் அந்த அமிலத்தையும் தாங்காது.

ஆயினும் என்னுடைய அனுபவத்தில், மிக அதிகமாகக் குற்றம் செய்வதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் புளோவர்தான். அதன் நீளம் முழுவதும் வரிசையாக அமைந்த மெல்லிய இதழ்கள் உட்குழிந்து வளைந்திருக்கின்றன. அந்தக் குழிவுதான் காற்றை வாரி எடுக்கிறது. குழி நிரம்பக் களிமண் காய்ந்து ஒட்டிக்கொண்ட அகப்பையால் குழம்பை முகக்க முடியாததுபோல, குழிவில் அழுக்கு நிறைந்த புளோவர் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினாலும் காற்றை எடுப்பதில்லை. மோட்டார் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது, காற்று மட்டும் வருவதில்லை. இந்த நிலையில்தான் வீட்டுக்காரர் குழம்பிப்போய், பழி வாயுவின்மேல் விழுகிறது.

ஃபில்டர் இருக்கும்போது அழுக்கு அங்கே எப்படிப் போகிறது என்று கேட்கலாம். ஃபில்டர் வலை தடுப்பது கண்ணுக்குத் தெரியும் நூலையும் முடியையும் தூசியையுந்தான். நம்முடைய வீடுகளில் மாலை நேரத்து ஊதுபத்தியும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும், இரவெல்லாம் கனியும் கொசுவர்த்திச் சுருளும், கதவைத் திறந்து வைத்த சமையலறையிலிருந்து வரும் தாளிப்புப் புகையும் சேர்ந்து உண்டாக்கும் நுண்ணிய கரியும் எண்ணெய்ப் பசையும் அந்த வலையைத் தாராளமாகக் கடந்துவிடுகின்றன. சுருளைக் கடந்த காற்று ஈரத்தின் உச்சநிலையில் இருக்கிறது. புளோவரின் இதழ்களும் எப்போதும் ஈரமாக இருக்கின்றன. ஈரமும் பசையும் கரியும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளர்கிறது. கறுப்பான ஒரு பிசின்போல அது குழிவை நிரப்புகிறது. இந்தப் பழக்கங்களை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அவை நடக்கும் நேரத்தில் ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைத்தால் புளோவரின் ஆயுள் பல மடங்கு கூடும்.

இதை அறிந்துகொள்வது மிகவும் சுலபம். மீட்டர் பலகையில் ஏ.சி.க்குரிய ஸ்விட்சை நிறுத்திவிட்டு, கீழ்வாயிலுள்ள மடலை மெதுவாகத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். இதழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கூர்மையான விளிம்போடு தெரிந்தால் புளோவர் நன்றாக இருக்கிறது. கறுப்பாக, மொழுமொழுவென்று ஒரே உருளையாகத் தெரிந்தால் அங்கேதான் காற்று சிறைப்பட்டிருக்கிறது. காற்றோடு கறுப்புத் துகள்கள் விழுவதும், யந்திரத்தைப் போட்டவுடன் புளித்த வாடை வீசுவதும், மடலிலிருந்து நீர்த்துளிகள் தெறிப்பதும், படபடவென்ற ஒலி கேட்பதும் இதற்குரிய அடையாளங்களே. "வாட்டர் சர்வீஸ்" என்று வழங்கும் சாதாரணக் கழுவலில் முன்பக்கத்துச் சுருள் மட்டுமே நனைகிறது. புளோவரைக் கழற்றித் தனியாக வெளியே எடுத்துக் கழுவுங்கள் என்று தெளிவாகச் சொல்லி, அதற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுத்தால்தான் இந்த வேலை நடக்கும். பெட்டியை முழுவதும் பிரித்து, மோட்டாரை விடுவித்து, மின்பலகையை நனையாமல் மூடி, மறுபடியும் பிசகாமல் பொருத்த வேண்டிய வேலை அது. உச்சிவெயிலில் ஏணிமேல் நின்று அதைச் செய்கிறவருக்குக் கொடுக்கும் கூலி, அவசியமில்லாத வாயுவுக்குக் கொடுக்கும் தொகையைவிட எவ்வளவோ நியாயமானது.

மோட்டாரே மெதுவாகச் சுற்றுவதும் உண்டு. இன்வெர்ட்டர் அல்லாத பழைய யந்திரங்களில் விசிறி மோட்டாருக்குத் துணையாகச் சிறிய கெபாஸிட்டர் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மைக்ரோஃபாரட் வரை அளவுள்ளது. வருஷங்கள் செல்லச்செல்ல அதன் அளவு குறைய, மோட்டாரின் முறுக்குவலிமையும் குறைகிறது. இந்தச் சிறு பொருளின் விலை மிக அற்பம். ஆனால் நிறுத்திய பின்னும் கெபாஸிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடுமாதலால் அதைத் தொடும் வேலையைத் தெரிந்தவரிடமே விட்டுவிடவேண்டும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து வெகுவாகத் தாழ்ந்துவிடும் கோடை இரவுகளில் விசிறியும் தளர்ந்துபோகிறது. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இவ்வகை மோட்டாரின் முறுக்குவலிமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

யந்திரத்தில் குறையே இல்லாமல், மாட்டிய இடத்தில் குறை இருக்கும் வீடுகளும் உண்டு. அழகைக் கருதிக் கூரையோடு ஒட்டி மாட்டுவதும், மரச்சட்டத்துக்குள் ஒளித்துவைப்பதும், பரணுக்குக் கீழே திணிப்பதும் இப்போது பெருகிவருகின்றன. மேற்புறத்தில் நான்கு விரற்கடைக்குக் குறையாத இடைவெளி இல்லாவிட்டால் பெட்டி மூச்சுவிட முடியாது. எதிரே அலமாரியோ திரையோ இருந்து, வெளிவந்த குளிர்காற்று திரும்பி மேற்புறத்துக்கே சென்றால், அறை முழுவதும் குளிர்ந்துவிட்டதென்று உணர்கருவி தவறாக அறிந்து கம்ப்ரெஸரை நிறுத்திவிடும்.

பனி கட்டும் விபரீதம்

காற்று குறைவதன் கடைசி விளைவு, குளிர்விக்கும் யந்திரம் தன்னைத்தானே உறைய வைத்துக்கொள்வது. சுருளுக்குள் ஓடும் வாயு, தன்மேல் படும் காற்றின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டுதான் கொதித்து ஆவியாகிறது; சாதாரணமாக அந்தக் கொதிநிலை 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும். காற்று குறைந்தால் வாங்குவதற்கு உஷ்ணம் கிடைக்காமல் அழுத்தமும் கொதிநிலையும் தாழ்ந்து, பூஜ்யத்துக்குக் கீழே சென்றுவிடும். அப்போது தகடுகளின்மேல் வழியவேண்டிய நீர் வழியாமல் உறைகிறது. உறைந்த பனி சந்துகளை அடைக்கிறது. அதனால் காற்று இன்னும் குறைகிறது. அதனால் பனி இன்னும் வளர்கிறது. நம்முடைய கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லையாதலால் சில மணி நேரத்தில் சுருள் முழுவதும் வெண்பாறையாகிவிடும். 16 டிகிரியில் வைத்த யந்திரத்தில் கம்ப்ரெஸர் ஓய்வே எடுப்பதில்லை. பனி உருக அவகாசமும் கிடைப்பதில்லை. 24 டிகிரி ஒரு பாதுகாப்பு என்று முன்னே சொன்னதன் பொருள் இதுதான்: அறை குளிர்ந்தவுடன் கம்ப்ரெஸர் நிற்க, அந்த இடைவேளையில் பனி கரைகிறது. சுருளில் உறைவைத் தடுக்கும் உணர்கருவி இருந்தாலும், அது தன் இடத்திலிருந்து நழுவியிருந்தால் பயனில்லை.

பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ பெயர்க்கக் கூடாது. மெல்லிய செப்புக் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் சுருளையே மாற்ற நேரிடும். கம்ப்ரெஸர் ஓடாத ஃபேன் முறையில் இரண்டு மூன்று மணி நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் பனி தானே உருகிவிடும்.

வாயு குறைந்தாலும் பனி கட்டுவது உண்டு என்பதுதான் இங்கே எல்லாக் குழப்பத்துக்கும் வித்து. வாயு குறைந்தால், அது சுருளுக்குள் நுழையும் முதற்பகுதியில் மட்டும் பனி படர்ந்து, மீதிப் பகுதி வறண்டு வெதுவெதுப்பாக இருக்கும். காற்று குறைந்தால் சுருள் முழுவதும் ஒரே சீராகப் பனி போர்த்து, வெளியே செல்லும் பருத்த குழாயின்மேலும் பனி தோன்றும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், பனியைக் கண்டவுடன் அழுத்தமானியை மாட்டினால் அது குறைந்த எண்ணைத்தான் காட்டும். காற்றுக் குறைவினாலேயே அழுத்தம் தாழ்ந்திருக்கிறது என்பதை அந்தக் கருவியால் சொல்ல முடியாது. எண் ஏறுகிற வரையில் வாயுவை ஏற்றிவிட்டால், பிறகு யாராவது சுருளையும் புளோவரையும் கழுவும் நாளில் அந்த யந்திரம் அளவுக்கு மீறிய வாயுவோடு நிற்கும். மின்சாரச் செலவு கூடும். ஆவியாகாத திரவம் கம்ப்ரெஸருக்குள் புகுந்து அதை அழிக்கவும் கூடும். அடைப்பை நீக்கி, பனியை உருக்கி, காற்று முழு வேகத்தில் ஓடும்போது மட்டுமே வாயுவை அளக்கவேண்டும் என்ற இந்த வரிசைமுறையை ஒவ்வொரு வீட்டுக்காரரும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இவ்வளவு விரிவாக எழுதுவதன் நோக்கம்.

வாயு செலவாகும் பொருள் அன்று

மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் வாயு எரிவதில்லை, தேய்வதில்லை, வயதாகிக் குறைவதுமில்லை. வீட்டு ஃபிரிஜ்ஜில் இதே தத்துவந்தான் நடக்கிறது. அதில் வருஷந்தோறும் வாயு நிரப்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஸ்பிளிட் ஏ.சி.யில் உள்ளேயும் வெளியேயும் உள்ள பெட்டிகளை வீட்டிலேயே குழாயால் இணைக்க வேண்டியிருப்பதால், அந்த இணைப்பு நட்டுகளில் கசிவு உண்டாகலாம். உப்பும் ஈரமும் சேர்ந்து செப்புக் குழாயில் நுண்துளைகளை அரிக்கலாம். எப்படியானாலும், வாயு குறைந்திருக்கிறது என்றால் கசிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம். கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பப்படும் வாயு அடுத்த கோடைக்குள் மறுபடியும் ஆகாயத்துக்குத்தான் போகும்.

அப்படிப் போவது பணம் மட்டுமன்று. பழைய யந்திரங்களிலுள்ள ஆர்-22 ஒரு கிலோ வெளியேறினால், பூமியைச் சூடேற்றுவதில் அது 1,810 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். ஓசோன் படலத்தையும் அது தாக்குவதால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் உலகம் அதைப் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது என்றாலும் 2,088 மடங்கு வெப்பமூட்டும். இப்போது பெருவாரியாக வரும் ஆர்-32 அதைவிடச் சாது. அதற்கும் 675 மடங்கு சக்தி உண்டு. இவற்றைக் குறைப்பதற்காகவே 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அந்த உடன்படிக்கை திருத்தப்பட்டது; 2021-இல் இந்தியாவும் அதை ஏற்றது. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோ வாயு இருக்கிறது. ஒரு தெருவில் எத்தனை வீடுகளில் வருஷந்தோறும் இது வீணே ஏற்றப்பட்டுக் கசிந்து போகிறது என்று எண்ணிப் பார்த்தால் மனம் துணுக்குறுகிறது.

கசிவு உண்மையாகவே இருந்தால், செய்யவேண்டிய முறை ஒன்றுதான். குழாயில் நைட்ரஜனை அழுத்தத்தோடு நிரப்பி, இணைப்புகளில் சோப்புநுரை தடவிக் குமிழி எழும் இடத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்; பிறகு வாக்குவம் பம்பினால் உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுவதும் உறிஞ்சி எடுக்கவேண்டும்; அதன் பிறகே புதிய வாயு ஏறலாம். ஆர்-32 மிதமாகத் தீப்பற்றக்கூடியது, சில யந்திரங்களில் வரும் ஆர்-290 நன்றாகவே தீப்பற்றக்கூடிய புரொப்பேன் என்பதால், வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வைத்து, அறையில் விளக்கோ ஊதுபத்தியோ எரியாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. இன்வெர்ட்டர் யந்திரங்களில் கம்ப்ரெஸரின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் அழுத்தமானியின் எண்ணை மட்டும் நம்பி நிரப்புவது சரியாகாது, எடைபோட்டே நிரப்பவேண்டும். எவ்வளவு எடை என்பது அவுட்டோர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய தகட்டில், வாயுவின் பெயருக்கு அருகே, கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கிறது. குழாயின் நீளம் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேற்பட்டிருந்தால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூட்ட வேண்டும் என்பது யந்திரத்தோடு கொடுத்த கையேட்டில் இருக்கும்.